நானூற்றுப் பன்னிரண்டு மீட்டரில் ஒரு ரயில்

நோட்டீஸ் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. லாண்டரியம்மா அதைப் பிரிப்பதற்கு முன்னால் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு முகர்ந்து பார்த்தாள். இருபது வருடமாக ஊரார் சட்டைப்பைகளைத் துழாவிவிட்டே துவைக்கப் போடுகிறவள் அவள். மடித்து வைத்த எதன்மீதும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

உள்ளே ஆறு வரிகள் இருந்தன. ஐந்து வரிகளில் அனுப்பியவர்களின் பெயர்: பாரம்பரிய நீராவி ரயில் இணைப்பு வாரியம், அதன் பதிவு எண், அதன் கிளைக்குழுக்கள், அதன் குறிக்கோள். ஆறாவது வரியில் விஷயம்: தங்கள் கட்டடம் தண்டவாளப் பாதையில் அமைந்திருப்பதால், பகுதி காலியாக இருப்பது உறுதியான அன்றே அது அகற்றப்படும்.

"காலியா இருக்கறதுன்னா? நாம காலி பண்றதா?" என்று கேட்டார் அவள் கணவர். அவரை ஊரில் பாய்லர்காரர் என்பார்கள். லாண்டரியின் கொதிகலனுக்குக் காலை ஆறு மணிக்கு நெருப்பு மூட்டி, மாலை வரை அதன் அருகிலேயே உட்கார்ந்திருப்பது அவர் வேலை.

"நம்மளத்தான் சொல்றாங்க. வேற யாரை? உங்கப்பா வாங்கின இடத்துல வேற யாரு இருக்கா?"

"எங்கப்பா பத்திரம் பண்ணித்தான் வாங்கினாரு," என்றாள் பாய்லர்காரரின் அக்கா. இஸ்திரி மேசை அவள் பொறுப்பு. தன் அப்பாவைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பேசுவாள்.

நடந்தது இதுதான். முன்பு மலையுச்சியிலிருந்து ஆற்றங்கரைவரை ஒற்றைத் தண்டவாளத்தில் நீராவி ரயில் ஓடியது. முப்பத்தொரு வருடங்களுக்கு முன்னால் அந்தக் கம்பெனி மூடிக்கொண்டு போனபோது, நடுவில் நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர் தண்டவாளத்தைப் பெயர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அந்த இடத்தை விற்றது. வாங்கியவர் பாய்லர்காரரின் அப்பா. அங்கே நீராவி லாண்டரி வைத்தார். மிச்சமிருந்த இரண்டு துண்டுகளையும் ரயில் ஆர்வலர்கள் எடுத்து ஓட்டினார்கள். மேல்துண்டு மேல்ஸ்டேஷனில் முடிகிறது. கீழ்த்துண்டு கீழ்ஸ்டேஷனில் தொடங்குகிறது. நடுவில் லாண்டரி. இரண்டு ஸ்டேஷன்களையும் ஏன் இவ்வளவு கிட்டத்தில் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்திலும் ஒரு வாரியம் இருந்திருக்கும்.

பயணிகள் மேல்ஸ்டேஷனில் இறங்கி, லாண்டரி வாசலைக் கடந்து ஐந்து நிமிடம் நடந்து, கீழ்ஸ்டேஷனில் ஏறிக்கொள்வார்கள். இந்த ஐந்து நிமிட நடையை ஒழிப்பதற்காகத்தான் இணைப்பு வாரியம் அமைக்கப்பட்டது. அமைத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. வாரியத்துக்குக் கொடி உண்டு, பாட்டு உண்டு, மூன்று தரத்தில் சீருடை உண்டு. தண்டவாளம் இனிமேல்தான்.

சீருடைகளெல்லாம் லாண்டரிக்குத்தான் வரும். அதனால் வாரியத்தைப் பற்றி லாண்டரியம்மாவுக்கு வாரியத்தைவிட அதிகம் தெரியும். சட்டைக் கையில் அழுக்கு இருந்தால் அந்த ஆள் வேலை செய்கிறவன். கழுத்தில் மட்டும் அழுக்கு இருந்தால் கூட்டத்துக்குப் போகிறவன். வாரியத்துச் சட்டைகளில் பத்தொன்பது வருடமாகக் கழுத்து அழுக்கைத் தவிர வேறொன்றையும் அவள் பார்த்ததில்லை. எஞ்சின் டிரைவர்களின் நீல உடுப்பு மட்டும் வாரத்துக்கு ஒரு முறை ஒரு சீட்டோடு வரும்: 'கரிக்கறையை முழுதாக எடுத்துவிட வேண்டாம். பார்வையாளர்கள் எதிர்பார்க்கிறார்கள்.'

இப்படிப்பட்டவர்கள் கட்டடத்தை இடிப்பார்களா? இடிக்க மாட்டார்கள் என்றுதான் தோன்றியது. ஆனால் இப்படிப்பட்டவர்கள்தான் இடித்துவிடுவார்கள் என்றும் தோன்றியது.

மறுநாள் ஒரு மெக்கானிக் வந்தார். கையில் திருப்புளி, தோளில் கம்பிச் சுருள். லாண்டரியின் பின்கட்டில் துணி உலர்த்தும் கொடியைக் கட்டியிருந்த இரும்புக் கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன தேடறீங்க?" என்றாள் லாண்டரியம்மா.

"இது எங்க கம்பம் அக்கா. மேல்ஸ்டேஷன்லேருந்து கீழ்ஸ்டேஷனுக்கு இது வழியாத்தான் கம்பி போகுது."

"இருபது வருஷமா வேட்டி தொங்குது. இன்னிக்குத்தான் உங்க கம்பம்னு ஞாபகம் வந்துச்சா?"

"எனக்கு வேட்டி தொங்கினா ஒண்ணும் இல்ல அக்கா. கம்பி அறுந்திருக்கான்னுதான் பார்க்க வந்தேன். அறுந்திருந்தா நல்லா இருக்கும்னு நினைச்சேன். அறுகலை." அவர் முகம் வாடியிருந்தது.

அறுகாத கம்பிக்காக வருத்தப்படும் மெக்கானிக்கை அவள் அதுவரை பார்த்ததில்லை. உட்காரச் சொன்னாள். தேநீர் கொடுத்தாள். தேநீர் கொடுத்தால் ஆட்கள் பேசிவிடுவார்கள் என்பது அவள் கணக்கு.

மெக்கானிக் பேசினார். இஸ்திரி மேசையின் இரண்டு முனைகளிலும் இரண்டு குவளைகளை வைத்தார். துணி மாட்டும் கிளிப்புகளில் இருபத்து நான்கை எண்ணி எடுத்து, பாதியை ஒரு குவளையிலும் பாதியை மற்றதிலும் போட்டார்.

"ஒத்தைத் தண்டவாளம். இந்தப் பக்கமிருந்து ஒரு வண்டி, அந்தப் பக்கமிருந்து ஒரு வண்டி கிளம்பினா என்ன ஆகும்?"

"மோதும்," என்றாள் நாத்தனார்.

"மோதக் கூடாது. அதுக்குத்தான் இந்தக் குவளைங்க. நிஜத்துல இது ரெண்டும் இரும்புப் பெட்டி. கிளிப்புங்கதான் டோக்கன். கையளவு இரும்புத் துண்டு. டோக்கன் கையில இல்லாம எந்த டிரைவரும் வண்டிய நகர்த்தக் கூடாது. இப்ப இந்தக் குவளையிலேருந்து ஒண்ணை எடுக்கறேன்." எடுத்தார். "எடுத்த உடனே கம்பி வழியா கரண்டு போய், ரெண்டு பெட்டியும் பூட்டிக்கும். இன்னொரு டோக்கன் வெளிய வரவே வராது. இந்த வண்டி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, கையில இருக்கற டோக்கனை அந்தப் பெட்டியில போட்டாத்தான் பூட்டு திறக்கும். அதாவது, உள்ள எப்பவும் ஒரே வண்டி. ரெண்டாவது வண்டி வர வழியே கிடையாது."

லாண்டரியம்மா கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரையும் நம்பாத ஒரு ஆள்தான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். அந்த ஆள்மீது அவளுக்கு மரியாதை வந்தது. "நல்லாத்தானே இருக்கு. இதுல உங்களுக்கு என்ன வருத்தம்?"

"நேத்தும் ரெண்டு பெட்டியையும் திறந்து எண்ணினேன் அக்கா. மேல பதினொண்ணு, கீழ பன்னெண்டு. ஆக இருபத்து மூணு."

நாத்தனார் விரல் விட்டு எண்ணினாள். "ஒண்ணு வெளியில இருக்கு."

"முப்பத்தொரு வருஷமா வெளியில இருக்கு. ரெண்டு பெட்டி முகப்புலயும் ஒரே அறிவிப்புதான். 'பகுதியில் ரயில் இருக்கிறது.'"

"எந்தப் பகுதியில?"

மெக்கானிக் சுற்றிலும் பார்த்தார். நனைந்த துணிகள், காய்ந்த துணிகள், மூலையில் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த கொதிகலன். "இதுதான் அக்கா அந்தப் பகுதி."

கடைசி நாளன்று டோக்கன் பெட்டிக்குத் திரும்பவில்லை, அவ்வளவுதான் என்றார் மெக்கானிக், தரையைப் பார்த்தபடி. அதற்கென்று ஒரு மாற்றுச் சாவி உண்டு. ஒரு திருப்புத் திருப்பினால் பெட்டி பழையபடி திறந்துகொள்ளும். அதற்கு அனுமதி கேட்டு எழுதியிருந்தார். 'பெட்டி தவறு என்று ஒப்புக்கொள்வதாகிவிடும். நூற்றாண்டு காலமாகப் பெட்டி தவறியதில்லை' என்று பதில் வந்திருந்தது. கம்பி அறுந்திருந்தால் பழியை அதன்மேல் போட்டுவிடலாம் என்றுதான் தேடி வந்திருந்தார். வாரியத்தின் முடிவு எளிமையானது. பெட்டி ரயில் இருக்கிறது என்கிறது. ஆகவே ரயில் இருக்கிறது. இனி அதைக் கண்டுபிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

கண்டுபிடிக்க வந்தவர் பகுதி ஆய்வாளர். இரண்டாம் தரச் சீருடை, பன்னிரண்டு பொத்தான், கழுத்தழுக்கு மிதம். அதை முந்தின வாரம்தான் லாண்டரியம்மா துவைத்திருந்தாள். அவர் வாசலில் நின்று டேப்பை விரித்தார்.

"அம்மா, சிரமம் கொடுக்க விரும்பல. ரயில் எங்கேன்னு சொல்லிட்டா நான் போய்க்கிட்டே இருப்பேன்."

"எந்த ரயில்?"

"ஒரே ரயில்தான் இருக்க முடியும். அதான் டோக்கன் முறையோட அழகே."

"சார், உங்க ரயிலையெல்லாம் எண்ணிப் பாருங்க," என்றார் பாய்லர்காரர். "ஏதாவது குறையுதா?"

"எண்ணிட்டோம். கம்பெனியோட எஞ்சின் மொத்தம் ஏழு. ஏழும் ஷெட்டுல இருக்கு."

"அப்புறம்?"

"அப்ப இது எட்டாவது."

"எட்டாவது எஞ்சின் இருந்ததுக்கு ஏதாவது பதிவு இருக்கா?"

"ஒரு வரி கிடையாது," என்றார் ஆய்வாளர், குரலைத் தாழ்த்தி. "எவ்வளவு கவனமா மறைச்சிருக்காங்கன்னு அதுலயே தெரியுதே."

அவர் நானூற்றுப் பன்னிரண்டு மீட்டரையும் அளந்தார். மாடிப்படிக்குக் கீழே குனிந்து பார்த்தார். சலவைத் தொட்டியில் ஒரு கம்பை விட்டு ஆழம் பார்த்தார். ரயில் நூற்றுப் பத்து மீட்டர் நீளம் இருக்கலாம் என்று அவரே சொல்லிக்கொண்டு, இஸ்திரி மேசையின் இழுப்பறையையும் திறந்து பார்த்தார். பிறகு அவர் பார்வை கொதிகலன்மேல் விழுந்தது.

"இது என்ன?"

பாய்லர்காரர் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்று பதினைந்து வருடமாகக் காத்திருந்தவர். மகிழ்ச்சியோடு விளக்க ஆரம்பித்தார். கீழே கரி எரிகிறது. மேலே தண்ணீர் கொதித்து ஆவியாகிறது. அடைத்து வைத்த ஆவிக்கு இடம் போதாமல் அழுத்தம் ஏறுகிறது. அந்த ஆவி குழாய் வழியாக நான்கு இஸ்திரிப் பெட்டிகளுக்கும் போகிறது. அழுத்தம் அளவு மீறினால் மேலே இருக்கும் வால்வு தானாகத் திறந்து, மிச்ச ஆவியை வெளியே தள்ளும். அப்போது ஊதும்.

"ஊதுமா?"

"தினமும் ஊதும். பத்து நாற்பதுக்கு எல்லாரும் இஸ்திரியை வெச்சுட்டு டீ குடிக்கப் போவாங்க. ஆவி போக வழியில்லாம—"

கொதிகலன் ஊதியது. ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பையிலிருந்து பழைய கால அட்டவணையை எடுத்து, கடைசி ரயிலுக்கு நேரே விரலை வைத்தார். மேல்ஸ்டேஷன் புறப்பாடு 10.38. கீழ்ஸ்டேஷன் வருகை 10.40.

"நிமிஷம்கூடத் தப்பல," என்றார்.

"அதனாலதான் சார் சொல்றேன், அது ரயில் இல்ல," என்றார் பாய்லர்காரர். "ரயில் என்னிக்கு நேரத்துக்கு ஊதியிருக்கு?"

நாத்தனார் சிரித்தாள். லாண்டரியம்மா சிரிக்கவில்லை. ஆய்வாளர் சிரிப்பையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

போகும்போது வாசல் பெஞ்சில் துணிக்காகக் காத்திருந்த ஒரு பல் டாக்டரை அவர் விசாரித்தார். "எங்கே ஏறினீங்க?" டாக்டர் பயந்துபோய் உண்மையைச் சொன்னார்: மலையிலிருந்து ரயிலில் வந்தேன். டிக்கெட் இருக்கிறதா? இருந்தது. இறங்கிவிட்டீர்களா? டாக்டர் குழம்பினார். இன்னும் கீழ்ஸ்டேஷன் போய்ச் சேரவில்லையே என்றார். ஆய்வாளர் எழுதினார்: 'பயணி ஒருவர். உட்கார்ந்த நிலையில். பயணம் முடியவில்லை. முறையான பயணச்சீட்டு வைத்திருக்கிறார்.'

இரண்டாவது நோட்டீஸில் விஷயமே ஐந்து வரி வந்தது. அனுமதியின்றி ரயில் வைத்திருந்தது, அதை மறைத்தது, பயணி ஏற்றியது. வெள்ளிக்கிழமை வாரிய மண்டபத்தில் விசாரணை. குற்றம் உறுதியானால் ரயில் கைப்பற்றப்படும்.

"திருட்டுப் பட்டமே கட்டிட்டாங்க," என்றாள் லாண்டரியம்மா. "ஒருத்தர் பையில கிடந்த பித்தளைப் பொத்தானக்கூடத் திருப்பிக் கொடுத்தவ நான். ரயிலை எடுத்துட்டேனாம்."

"போய் இல்லன்னு சொல்லிட்டு வந்துடு," என்றாள் நாத்தனார்.

"இல்லாததை எப்படிக் காட்டறது? இருக்கறதைக் காட்டலாம். இல்லாததைக் காட்டச் சொன்னா எங்க போறது?"

சந்தேகம் என்பது மட்டமான சாயம் மாதிரி. ஒரு துணியில் போட்டால் தொட்டியில் இருக்கிற எல்லாத் துணியிலும் ஏறிவிடும். வியாழக்கிழமை மதியம் லாண்டரியம்மா கொதிகலன் அறையின் பின்சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறொன்றுமில்லை. இந்தச் சுவர் ஏன் மற்றச் சுவர்களைவிடத் தடிமனாக இருக்கிறது என்று அதுவரை அவள் யோசித்ததில்லை.

"என்ன பண்றே?" என்றார் பாய்லர்காரர்.

"உங்கப்பா இந்தக் கொதிகலனை எங்கேருந்து வாங்கினாரு?"

"ஆஸ்பத்திரியிலேருந்து."

"நீங்க பார்த்தீங்களா?"

"நான் அப்போ ஸ்கூல்ல இருந்தேன். அப்பா சொன்னாரு."

"சொன்னாரு," என்றாள் அவள்.

நாத்தனார் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எங்கப்பா ரயில் திருடினாருங்கறியா? நீ பேசறது நல்லா இல்ல. அவரு டிக்கெட் எடுக்காம பிளாட்பாரத்துலகூட நின்னதில்ல."

"அதைத்தான் சொல்றேன். அவ்வளவு ஜாக்கிரதையான ஆளு."

மாலைவரை மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் வேலை பார்த்தார்கள். இடையில் பாய்லர்காரர் மட்டும், யாரும் பார்க்காதபோது, பின்சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வாரிய மண்டபம் நிறைந்திருந்தது. ஒரு மேடை, அதில் ஒன்பது நாற்காலி, நடு நாற்காலிக்குப் பின்னால் சுவரில் வெல்வெட் பதித்த கண்ணாடிப் பெட்டி. அதற்குள் வாரியத்தின் சின்னம். கொடியிலும், கடிதத் தாளிலும், சீருடைப் பொத்தானிலும் இருக்கிற அதே வடிவம்: ஒரு கையளவு நீளம், ஒரு முனையில் வளையம், நடுவில் இரண்டு வெட்டு. பொத்தானில் அதை ஆயிரம் தடவை லாண்டரியம்மா தேய்த்திருக்கிறாள். ஏதோ சாவி என்று நினைத்திருந்தாள்.

எல்லோரும் எழுந்து வாரியப் பாட்டைப் பாடினார்கள். ஒன்பது பேரும் சின்னத்தை வணங்கினார்கள். பிறகு உட்கார்ந்தார்கள்.

லாண்டரியம்மாவுக்குப் பக்கத்தில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். அவர் சின்னத்தை வணங்கவில்லை. அதைப் பார்க்கவே கூசுகிறவர் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றாள் அவள் மெல்ல. "அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கறது என்ன?"

"சின்னம் அக்கா."

"சின்னம் சரி. பொருள் என்ன?"

மெக்கானிக் இன்னும் தாழ்ந்து பேசினார். "இருபத்து நாலாவது டோக்கன். கடைசி ரயில் கீழ்ஸ்டேஷன்ல வந்து நின்னதும், யாரோ ஞாபகார்த்தமா டிரைவர் கையிலேருந்து வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் வாரியத்துக்கு அன்பளிப்பாக் கொடுத்துட்டாங்க. நம்பர்கூட அதுல அடிச்சிருக்கு."

"இவங்களுக்குத் தெரியாதா?"

"ஏழு தடவை எழுதிக் கொடுத்தேன். 'சின்னத்தைப் பற்றிக் கருத்துக் கூறுவது மெக்கானிக்கின் பணியில் அடங்காது'ன்னு ஏழு பதில் வந்துச்சு."

அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ரயிலும் இல்லை, திருட்டும் இல்லை, மாமனார்மீதும் தப்பில்லை. எழுந்து நின்று சுவரைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுவதற்காகப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். அதற்குள் தலைவர் எழுந்துவிட்டார்.

முதல் தரச் சீருடை, பதினேழு பொத்தான். "நண்பர்களே," என்றார். "இந்த வாரியம் பிறந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் நாம் ஒரு அடித் தண்டவாளத்தைக்கூடத் தவறாகப் போட்டதில்லை."

கைதட்டினார்கள்.

"போட்டிருந்தாத்தானே," என்றார் பாய்லர்காரர்.

"இணைப்பு என்பது இரும்பை இரும்போடு சேர்ப்பது அல்ல. அதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். மூன்று மாத வேலை என்று ஒரு பொறியாளர் சொன்னார். அவரை அன்றே நீக்கினோம். இணைப்பு என்பது ஒரு மனநிலை. அந்த மனநிலையை நாம் கட்டிக் காத்துவருகிறோம். ஆனால் மக்கள் கேட்கிறார்கள், எப்போது ஓடும் என்று. சொல்கிறேன். காணாமல் போன டோக்கன் எந்த நிமிடம் கிடைத்துப் பெட்டியில் விழுகிறதோ, பகுதி காலி என்று பெட்டி எந்த நிமிடம் சொல்கிறதோ, அந்த நிமிடமே மண்வாரி இயந்திரம் உள்ளே போகும். சாலையில் தயாராக நிற்கிறது. எந்தக் கட்டடம் குறுக்கே நின்றாலும் ஒரு மணி நேரம்!"

லாண்டரியம்மா செருகிய தலைப்பை மெல்ல எடுத்துவிட்டாள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது உண்மைதான். அந்த வார்த்தையைச் சொன்னால் அவள் திருடி இல்லை. அந்த டோக்கன் பெட்டியில் விழும். பகுதி காலியாகும். மாலைக்குள் கொதிகலன் இருந்த இடத்தில் ஒரு குழி இருக்கும். சாலையில் நிற்கும் மஞ்சள் இயந்திரத்தை வரும்போதே பார்த்திருந்தாள். அப்போது அது தனக்காக நிற்கிறது என்று தெரியவில்லை.

"அம்மா," என்றார் தலைவர். "உங்கள் தரப்பைச் சொல்லலாம்."

அவள் எழுந்தாள். "சொல்றதுக்கு முன்னாடி ஆய்வாளர் சாரை ஒண்ணு கேக்கலாமா? எனக்கு ரயில் விஷயம் அவ்வளவா தெரியாது."

ஆய்வாளருக்கு முகம் மலர்ந்தது. விளக்கம் கேட்கிறவர்கள் அவருக்கும் கிடைப்பதில்லை போலும்.

"உள்ள ஒரு ரயில் இருந்தா, இன்னொரு ரயில் வரலாமா?"

"வரவே கூடாது. அதான் முதல் விதி."

"தள்ளுவண்டி?"

"சக்கரம் இருக்கற எதுவும் வரக் கூடாது."

"மண்வாரி?"

ஆய்வாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "அதுக்கு நாலு சக்கரம். வரக் கூடாது."

"உள்ள இருக்கற ரயில் கிளம்பற வரைக்கும்?"

"கிளம்பிப் போய்ச் சேர்ற வரைக்கும். அந்த ரயிலைக் கிளம்பச் சொல்லக்கூட யாருக்கும் அதிகாரம் இல்ல. டிரைவர் இஷ்டம்."

"கைப்பற்றுவோம்னு எழுதியிருக்கே. எப்படி எடுத்துட்டுப் போவீங்க?"

"வேற ஒரு எஞ்சின் கொண்டாந்து மாட்டி, இழுத்து..." ஆய்வாளர் நிறுத்தினார். புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். மேடையில் ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லாண்டரியம்மா கைகூப்பினாள்.

"மன்னிச்சுக்கணும் சார். ரயில் என்கிட்டதான் இருக்கு."

"ஐயோ!" என்றார் பாய்லர்காரர். "நான் அப்பவே நெனச்சேன், அந்தப் பின்சுவரு..."

"வாயை மூடுடா," என்றாள் அவர் அக்கா. தம்பியைவிட அவளுக்கு வேகமாகப் புரியும். அவளும் எழுந்து நின்றாள். "ஆமா, எங்கப்பாதான் வெச்சிருந்தாரு. சொல்லிட்டுத்தான் செத்தாரு." அப்பாவின் பெயரை அவளே விட்டுக்கொடுத்ததை லாண்டரியம்மா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

மேடையில் கூடிப் பேசினார்கள். கால் மணி நேரம் ஆனது. பிறகு தலைவர் எழுந்து தீர்ப்பு வாசித்தார். முப்பத்தொரு ஆண்டுகளாக ஒரு பாரம்பரிய நீராவிக் கொதிகலனை அணையாமல் காத்துவந்த குடும்பத்தை வாரியம் பாராட்டுகிறது. மேற்படி கட்டடம், கரியும் ஆவியும் ஊதலும் பயணியும் உடையதாக இருப்பதால், பகுதியில் நிற்கும் ரயிலாக அங்கீகரிக்கப்படுகிறது. பாய்லர்காரர் அதன் டிரைவர். லாண்டரியம்மா அதன் கார்டு. ரயில் புறப்படும்வரை இணைப்புப் பணிகள் நிறுத்திவைக்கப்படுகின்றன. புறப்பாட்டைக் கண்காணிக்க ஒரு கிளைக்குழு அமைக்கப்படுகிறது. அதற்கு நான்காவது தரத்தில் ஒரு சீருடை.

இவ்வளவு பலத்த கைதட்டலைப் பத்தொன்பது வருடத்தில் அந்த மண்டபம் கேட்டதில்லை என்றார்கள்.

கூட்டம் கலைந்தபோது லாண்டரியம்மா கடைசியாக வெளியேறினாள். வாசலில் திரும்பிப் பார்த்தாள். தலைவர் நாற்காலிமேல் ஏறி நின்று, கைக்குட்டையால் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். டோக்கனில் எண் அடித்திருந்த இடத்துக்கு நேரே அவர் கை நின்றது. பிறகு வெல்வெட்டைச் சற்று மேலே இழுத்துவிட்டு, அந்த எண்ணை மூடினார்.

"நல்லா யோசிச்சுத்தான் ஒத்துக்கிட்டீங்களா அம்மா?" என்றார் திரும்பாமலேயே.

"ஆமா சார்."

"அப்ப சரி. நம்ம ரெண்டு பேருக்கும் நல்லது."

வீடுவரை அவள் அதையே யோசித்துக்கொண்டு நடந்தாள். இந்த ஆளுக்கு எத்தனை வருடமாகத் தெரியும்? தன்னை ஒப்புக்கொள்ள வைத்ததே இந்த ஆள்தானோ? அந்தப் பேச்சில் மண்வாரியை இழுத்தது தற்செயலா? சாலையில் அந்த மஞ்சள் இயந்திரம் நின்றது. கிட்டே போய்ப் பார்த்தாள். டயரைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் புல் முளைத்திருந்தது.

திங்கட்கிழமை காலை ஆய்வாளர் வந்தார். இந்தத் தடவை வாசலில் நின்று அனுமதி கேட்டார். கார்டு அனுமதித்தபின் உள்ளே வந்து, இஸ்திரி மேசையில் ஒரு படிவத்தை விரித்தார். ரயில் தாமத அறிக்கை. வழக்கமான நடைமுறைதான், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்றார். ரயில் எண் என்ற இடத்தில் எட்டு என்று எழுதினார். தாமதம் என்ற இடத்தில் முப்பத்தொரு வருடம், நான்கு மாதம், ஒன்பது நாள் என்று எழுதினார்.

"காரணம்?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். "மழைன்னு போடலாம், தண்டவாளத்துல மாடுன்னு போடலாம், கரி பத்தலைன்னு போடலாம். எது வேணும்?"

லாண்டரியம்மா பின்கட்டைப் பார்த்தாள். கம்பத்திலிருந்து கம்பத்துக்குக் கொடிகளில் நாற்பது சட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன.

"துணி இன்னும் காயல சார்."

ஆய்வாளர் கொடியைப் பார்த்தார். ஒரு சட்டையைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாகத்தான் இருந்தது. பொய்க் காரணம் என்று சொல்ல முடியாது.

"எப்பக் காயும்?"

"தினமும் புதுசா வருதே."

அவர் சிறிது யோசித்தார். பிறகு 'பிற' என்பதற்கு நேரே குறியிட்டு, நல்ல கையெழுத்தில் எழுதினார்: உத்தேசப் புறப்பாடு, துணி காய்ந்ததும்.